மொறோக்கோவில் எனக்கு ஒருவரும் இல்லை

“அங்கை ஆர் இருக்கினம்?”

மொறோக்கோவுக்கு ஒரு ரிக்கற் வேண்டும் என்றதும் ரவல்ஸ் அண்ணை கேட்ட முதல் கேள்வி இதுதான். ரொறன்ரோவின் வோபர்னில் மரக்கறிக் கடைக்கும் வீடியோக் கடைக்கும் நடுவே இருந்தது அவருடைய ரவல்ஸ், விமான ரிக்கற் விற்கிற கடை. எங்கள் ஆட்களுக்குக் கொழும்பு, சென்னை, லண்டன், பாரிஸ் என்று ரிக்கற் போட்டுப் போட்டுக் கை பழகியவர்.

“ஒருத்தரும் இல்லை, அண்ணை.”

“கலியாண வீடோ?”

“ஒருத்தரும் இல்லாத இடத்திலை ஆருக்கு அண்ணை கலியாணம்?”

“பிறகேன் போறியள்?”

“பாக்க.”

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆளைக் கூட்டி வரப் போறியள் எண்டால் என்னட்டைச் சொல்லத் தேவையில்லை, தங்கச்சி. நானும் வாய் திறக்க மாட்டன்” என்றார். என்னை ஆள் கடத்துகிறவள் என்று நினைத்துவிட்டார்; எனக்குக் காது மடல் சுட்டது. ரிக்கற்றைப் போடுங்கள், கதையை விடுங்கள் என்றேன்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. தொண்ணூறுகளின் ரொறன்ரோ. எங்கள் சனத்துக்குப் பயணம் என்றால் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது. லண்டனுக்குப் போனால் சின்னம்மா வீட்டு சோபாவில் படுப்போம். பாரிசுக்குப் போனால் மச்சான் வீட்டில் சோறு தின்போம், திரும்புகிற அன்று அவசர அவசரமாகக் கோபுரத்துக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுப்போம். போகிறவருடைய சூட்கேசில் பாதி மற்றவர்களின் பார்சல். ஒருவர் மிளகாய்த்தூள் தருவார், ஒருவர் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டு வீடியோ தருவார், ஒருவர் தங்கைக்குத் தைத்த சட்டையைத் தந்து கசங்காமல் கொண்டு போகச் சொல்வார். மொறோக்கோவுக்குப் பார்சல் தர எவருக்கும் வழியில்லை. அந்த நினைப்பே எனக்கு இனித்தது.

ஆனால் மொறோக்கோவில் நான் ஏற்கெனவே இருந்திருக்கிறேன். இருந்தேன் என்றுதான் சொல்லலாம், பார்த்தேன் என்று சொல்ல முடியாது. எனக்கு முன்னே கனடா வந்துவிட்ட கணவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன், வேறொருத்தியின் பாஸ்போட்டில், வேறொருத்தியின் பெயரில் என்னைக் கசபிளாங்கா வரை கொண்டுவந்து ஓர் அறையில் விட்டான். யன்னலைத் திறக்காதே, வெளியே போகாதே, எவருடைய முகத்தையும் நிமிர்ந்து பார்க்காதே. அவன் எனக்குக் காட்டிய மொறோக்கோ இவ்வளவுதான். வாரக்கணக்கில் அங்கே கிடந்தேன். யன்னலின் மரத்தட்டிகளில் ஒன்று உடைந்திருந்தது. அந்த நீக்கலுக்குள்ளால் கீழே ஒரு தேத்தண்ணிக் கடை தெரியும். கடைக்காரன் கேத்திலைத் தலைக்கு மேலே உயர்த்தி, சின்னக் கிளாசுக்குள் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றுவான். கதிரைகளில் ஆம்பிளைகள் ஒரு வேலையும் இல்லாமல் தெருவைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமையில் வயிறு எரியும். ஒருநாள் என்னுடைய பெயரில் வந்து அந்தக் கதிரையில் இருப்பேன், எவன் தடுக்கிறான் பார்ப்போம் என்று அங்கேயே சபதம் எடுத்தேன்.

கனடாச் சிற்றிசன் கிடைத்து, என் முகமும் என் பெயரும் ஒரே பக்கத்தில் இருக்கிற பாஸ்போட் கைக்கு வந்ததும் வேறு இடத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

நான் வேலை செய்த பிஸ்கற் ஃபக்டரியில் சாப்பாட்டு நேரத்தில், லைபிரரியில் எடுத்த பயணப் புத்தகம் ஒன்றை வாசிக்கத் தொடங்கினேன். எழுதியவருக்கு எச்சரிக்கை சொல்ல அலுப்பே இல்லை. பெண்கள் தனியே போவதைத் தவிர்க்கவும். ஃபெஸ் நகரத்துப் பழைய சந்தைக்குள் வழிகாட்டி இல்லாமல் நுழைந்தால் தொலைந்துபோவீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாட்டு எல்லையைக் கள்ளமாகத் தாண்டி வந்தவள் ஒரு சந்தைக்குள் தொலைந்துபோவேனாம்! ஊர்விட்டு ஊர் போகிற வாடகைக் காரில் அரை டசின் பேரை அடைப்பார்கள், கவனம் என்றும் எழுதியிருந்தார். ஊரில் சனமும் மூட்டையுமாக ஓடுகிற தட்டிவானில் வெங்காய மூட்டைகளுக்கு மேலே ஏறி இருந்து பரந்தனுக்குப் போனவளுக்கு அது சொகுசு. எச்சரித்த எல்லாவற்றையும் செய்வதென்று முடிவெடுத்தேன். ரயிலில் இரண்டாம் வகுப்பு. பிடித்த இடத்தில் இறங்குவது, பிடிக்காவிட்டால் அடுத்த ரயில்.

ரிக்கற் எடுக்கப் போனபோது ரவல்ஸ் அண்ணை கடைசி முயற்சியாக, “குறூப்போடை போங்கோ தங்கச்சி, அவங்களே பஸ்ஸிலை ஏத்தி இறக்குவாங்கள்” என்றார்.

“ஏத்தி இறக்கிறதை ஏற்கெனவே ஒருத்தன் செய்துபோட்டான், அண்ணை.”

வாய் திறக்க மாட்டேன் என்ற மனிதர் நன்றாகத்தான் திறந்திருக்கிறார். எங்கள் கட்டடத்து லிஃப்டில் எனக்கு இடம்விட்டு ஒதுங்கி நின்றார்கள். உடுப்புத் தோய்க்கிற அறைக்குள் நான் நுழைந்தால் கதை நிற்கும். கணவர் ரொறன்ரோவுக்கு வெளியே ஒஷாவாவில் வேலை செய்தார். ஒரு பின்னேரம் சாப்பாட்டுப் பெட்டியைக் குசினியில் டங்கென்று வைத்தார்.

“ஒஷாவா வரைக்கும் கதை வந்திட்டுது. உம்மை ஏஜென்சிக்காரி எண்டுகினம். உமக்கென்ன விசரோ?”

“ஓம், விசர்தான்.”

“லண்டனுக்குப் போமன். அக்காவும் கேட்டுக்கொண்டு இருக்கிறா. வேணுமெண்டால் வரேக்கை மொறோக்கோவிலை ஒருக்கா இறங்கிப் பாத்திட்டு வாரும்.”

“லண்டனுக்குப் போனால் உங்கடை அக்கான்ரை குசினியைத்தான் பாப்பன். குசினி எனக்கு இஞ்சையும் இருக்கு.”

மனிதர் கெட்டவர் அல்லர். நான் அந்த அறையில் கிடந்த நாட்களில் இங்கே பார்க்டேலில் ரெலிபோனுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தவர். என்னைத் திரும்ப அந்தப் பக்கம் அனுப்ப அவருக்குப் பயம். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேல்மாடியில் இருக்கிற பிள்ளையொருத்தி கதவைத் தட்டினாள். கையில் ரிஷ்யூக் கடதாசியில் சுற்றிய ஒரு பாஸ்போட் அளவுப் படம். மீசை சரியாக முளைக்காத ஒரு பெடியன்.

“என்ரை தம்பி, அக்கா. நடுவழியிலை நிக்கிறான். எங்கை வைச்சிருக்கிறன் எண்டு ஏஜென்சிக்காரன் சொல்லுறான் இல்லை. நீங்கள் கூட்டி வாற ஆக்களோடை இவனையும்...”

“நான் ஒருத்தரையும் கூட்டி வரப் போகேல்லை, பிள்ளை. நான் ஊர் பாக்கப் போறன்.”

அவள் நம்பவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். “நாங்கள் என்னக்கா, சும்மா ஊர் பாக்கப் போற ஆக்களோ?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஏன், எங்களுக்கென்ன கண் இல்லையோ? ஓடவும் ஒளிக்கவும்தான் எங்களுக்கு உலகமோ? வெள்ளைக்காரன் போனால் ஹொலிடே, நான் போனால் ஆள் கடத்தலோ?” என்று கத்தினேன். ஊர் முழுவதையும் ஏசவேண்டியதை அவள் தலையில் கொட்டினேன். அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். பிறகு கணவரைத் தவிர யாருக்கும் சொல்லாத அந்த அறையைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். ஏன் திரும்பப் போகிறேன் என்றும் சொன்னேன். முழுவதையும் கேட்டாள். படத்தைத் திரும்ப ரிஷ்யூவில் சுற்றினாள். வாசலில் நின்று திரும்பி, “அக்கா, உங்களை வைச்சிருந்த அறையிலை யன்னல் இருந்ததெல்லோ?” என்று கேட்டாள்.

“இருந்தது. சின்ன நீக்கலுக்குள்ளாலை தேத்தண்ணிக் கடை தெரியும்.”

“அப்ப அவனுக்கும் ஏதாவது தெரியும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படியேறிப் போனாள்.

கணவர் எயார்போட்டுக்குக் கொண்டுபோய் விட்டார். சூட்கேசைத் தூக்கி இறக்கியவர் அதன் பாரத்தைக் கையில் பார்த்தார். “என்ன, ஒண்டும் இல்லாமல் போறீர்?” என்றார். எல்லாம் என்னுடையதுதான், அதனால்தான் பாரமில்லை என்றேன். கவனம் என்று சொல்லிவிட்டு, நான் உள்ளே போகும்வரை அதே இடத்தில் நின்றார்.

மொன்றியல் வழியாகப் போய் இறங்கினேன். கசபிளாங்காவில் குடிவரவு அதிகாரி படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பொய் ஒன்றும் இல்லை என்று மூளைக்குத் தெரியும், தலைதான் பழையபடி குனிந்துகொண்டது. “உங்களுக்கு இங்கே சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். ரவல்ஸ் அண்ணை இங்கேயும் வந்துவிட்டாரோ! நிமிர்ந்து அவருடைய கண்ணைப் பார்த்தேன். ஒருவரும் இல்லை, ஊர் பார்க்க வந்தேன் என்றேன். முத்திரையைக் குத்தி, நல்வரவு என்றார்.

அந்த அறை இருந்த தெருவை நான் கண்டுபிடிக்கவில்லை. கூட்டிவந்தபோதும் கொண்டுபோனபோதும் குனிந்த தலையோடு நடந்தவளுக்கு எந்தத் தெரு தெரியும்? நகரம் முழுவதும் மரத்தட்டி யன்னல், அதற்குக் கீழே தேத்தண்ணிக் கடை. கடைசியில் சலித்துப்போய், கண்ணில் பட்ட ஒரு கடையில் ஏறினேன். வெளியே இருந்தவர்கள் எல்லாரும் ஆம்பிளைகள். கடைக்காரர் மரியாதையாகவே உள்ளே ஒரு மூலையைக் காட்டினார். நான் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, தெருவைப் பார்த்த ஒரு கதிரையில் இருந்தேன். சுற்றியிருந்தவர்கள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்கள், பிறகு தங்கள் பாட்டில் தெருவைப் பார்த்தார்கள். கடைக்காரர் கேத்திலை உயர்த்தி ஊற்றினார். புதினாவும் சீனியும் தொண்டையை அரித்தன. அப்படியொரு இனிப்பு.

எதிர்க் கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு யன்னல் மட்டும் மூடிக் கிடந்தது. வெயில் நேரம் என்று மூடியிருக்கலாம். வீட்டில் ஆளில்லாமலும் இருக்கலாம். நான் எழும்பி, கதிரையை நிழலில் இருந்து தெரு ஓரத்துக்கு, அந்த யன்னலுக்கு நேரே தெரியக்கூடிய இடத்துக்கு இழுத்துப் போட்டேன். உள்ளே எவராவது இருந்தால் நன்றாகப் பார்க்கட்டும் என்று நிமிர்ந்து இருந்துகொண்டு, இன்னொரு கிளாஸ் கேட்டேன்.