பொலிஸ் மறித்த காலை

தொண்ணூறுகளில் நான் ரொறன்ரோவில் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை செக் நாட்டுப் பெட்டை ஒருத்தி ஏறினாள். மடியில் ரென்னிஸ் மட்டைகள். தகுதிச்சுற்று ஆட்டமாம், பிந்தினால் பெயரை வெட்டிவிடுவார்களாம். அவளுடைய பதற்றம் எனக்கும் தொற்றிவிட்டது. வேகமாக மிதித்தேன்.

பின்னால் பொலிஸ் விளக்கு சுழன்றது.

காரை ஓரங்கட்டியதும், ஊர்ச் சோதனைச்சாவடிகள் பழக்கியபடி இறங்கி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றேன். இந்த நாட்டிலோ இறங்கவே கூடாது. "காருக்குள் ஏறு!" என்று பொலிஸ்காரன் கத்தினான். அவன் கை இடுப்புக்குப் போனது. எனக்குக் கால் அசையவில்லை. உடம்பு ரொறன்ரோவில் நிற்க, மூச்சு ஆனையிறவு இராணுவச் சாவடியில் நின்றுவிட்டது.

அவள் வேறு டாக்ஸி பிடித்து ஓடியிருக்கலாம். இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இவர் பயந்துபோனார். எங்கள் நாட்டில் கம்யூனிஸ்ட் காலத்தில் என் அப்பாவும் பொலிஸைக் கண்டால் இப்படித்தான்," என்று உடைந்த ஆங்கிலத்தில் சொல்லி, என் முழங்கையைப் பிடித்து உள்ளே இருத்தினாள்.

பொலிஸ்காரன் எச்சரித்துப் போகவிட்டான். கடைசி அழைப்பு முடிவதற்குள் அவள் மைதானத்துக்குள் ஓடினாள். வென்றாள். சில வருடங்களில் உலகமே அவள் பெயரைச் சொன்னது.

"உந்தப் பெட்டையோ உங்கட காரில வந்தது? சும்மா அளக்காதேங்கோ அண்ணை!" என்று கூட்டாளிகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மட்டை வீச்சால் உயர்ந்தாள் என்கிறார்கள். எனக்கு ரென்னிஸ் தெரியாது. தன் எதிர்காலமே அந்த மைதானத்தில் காத்திருக்க, தெருவோரத்தில் அவள் ஒரு தரமும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை என்பது மட்டும் தெரியும்.