குளத்தை வலம் வந்தவர்கள்

போன ஞாயிறு மகள் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டுபோய் அந்த நீர்த்தேக்கத்தின் வாசலில் இறக்கினாள். டொக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். எனக்கு முன்னே என் வயிறுதான் நடக்கும், அது வேறு கதை. அணைக்கட்டில் ஒருவன் மெஷினால் புல் வெட்டிக்கொண்டிருந்தான். ஈரப்புல்லின் பச்சை வாசனை மூக்கில் ஏறியதும் நான் கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்பா, நெஞ்சு நோகுதோ?"

"இல்லை, புல்லு மணக்குது."

அவள் பயந்துபோனாள். பயப்படத்தான் வேண்டும். நான் எழும்பி, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

சண்டைக் காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் அறையில் மூன்று பேர் இருந்தோம். நான், சிவபாதம், யோகன். பௌர்ணமிக்குப் போயா லீவு வந்தால் பஸ் பிடித்து இங்கே வந்து குளத்தைச் சுற்றி நடப்போம். ஊர்ச்சனம் முழுக்க வாசலால் நுழைந்து, தண்ணி இடக்கைப் பக்கம் இருக்கும்படி போகும். நாங்கள் மட்டும் எதிர்ப்பக்கமாகப் போவோம். காரணம் சிவபாதம். எதைச் சுற்றினாலும் கோயில் வீதி சுற்றுவதுபோலத்தான் சுற்றவேண்டும் என்பான்.

"தண்ணி வலக்கைப் பக்கம் நிக்கவேணும். இடம் சுத்தினால் தரித்திரம்."

"அப்ப உள்ளுக்கு ஆர் சாமி, முதலையோ?" என்பான் யோகன்.

பின்பக்கம் இறப்பர் தோட்டம். அங்கே ஒரு நாய் சிவபாதத்தின் கெண்டைக்காலைக் கிழித்த பிறகு, ஆளுக்கொரு தடியும் கொண்டுபோனோம்.

யோகனைப் பற்றிச் சொல்லவேண்டும். கொழும்பிலேயே, கொட்டாஞ்சேனையில் பிறந்தவன். சிங்களப் பெடியளோடு ஒழுங்கையில் கிரிக்கெட் அடித்து வளர்ந்தவன். நானும் சிவபாதமும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, "மாத்தயா" என்று ஐயா போடுவதற்கு மேல் சிங்களத்தில் நாக்குப் புரளாமல் நிற்கிறவர்கள். செக்பொயின்றில் யோகன்தான் கதைப்பான். பத்து வார்த்தைக்குள் ஆமிக்காரன் சிரிப்பான், எங்களுக்கு உயிர் வரும். அவன் வாயை நம்பித்தான் நாங்கள் அறையை விட்டு வெளியே இறங்கினோம்.

ஒருமுறை போயா லீவு வந்த கிழமை, நகரத்தில் பஸ்ஸில் குண்டு வெடித்திருந்தது. சில்லுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையின் சப்பாத்துக் கிடந்ததை நானே கண்டேன். அந்த நேரத்தில் நடக்கப் போவார்களா யாரும்? போனோம். "அறைக்குள்ளை இருந்தாலும்தான் பிடிப்பாங்கள்" என்றான் சிவபாதம்.

வாசலிலிருந்து ஊர்ச்சனம் வரும் திசையைப் பார்த்துப் புதிதாக ஒரு காவலரண் போட்டிருந்தார்கள். எங்களுக்குத் தெரியாது. நாங்கள் வலம் வந்த புண்ணியத்தில், கையில் தடியோடு, மரங்களுக்குள்ளால் அதன் முதுகுப்பக்கம் போய் நின்றோம்.

சோறு தின்றுகொண்டிருந்த ஆமிக்காரன் திரும்பினான். சுடவில்லை, அதற்கு அவனைக் கும்பிடவேண்டும். துவக்குப்பிடியால் சிவபாதத்தின் மண்டையில் இறக்கினான். மற்றவன் என் கழுத்தில் சப்பாத்தை வைத்து முகத்தைப் புல்லுக்குள் அழுத்தினான். யோகன் கையை உயர்த்தி, தன் நல்ல சிங்களத்தில், "மல்லி, தம்பி, நாங்கள் நடக்க வந்தவர்கள்" என்று தொடங்கினான்.

அதுதான் வினையாகப் போனது. "குண்டு வைக்க இவ்வளவு திறமாகச் சிங்களம் பழக்கியா அனுப்பியிருக்கிறான்கள்" என்று ஆமிக்காரன் கத்தியது எனக்கே விளங்கியது. யோகனின் வாயில் அடித்தான். யோகன் இன்னும் திருத்தமாக, இன்னும் மரியாதையாகச் சொன்னான். இன்னும் அடித்தான். எங்கள் நாய்த்தடிகளாலேயே அடித்தார்கள். அவன் தாடை முறிந்த சத்தம் காய்ந்த விறகு முறிந்ததுபோலக் கேட்டது. "கதையாதை யோகன்" என்று நான் புல்லுக்குள் கத்தினேன். சிவபாதம் தேவாரம் சொல்லி அழுதான். எனக்கு அவனையும் அடிக்கவேண்டும் போலிருந்தது.

பொலிஸில் இன்ஸ்பெக்டர் விசாரித்தபோது யோகனால் வாய் திறக்க முடியவில்லை. நான்தான் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். என் சிங்களத்தைக் கேட்டு மனுஷன் வயிறு குலுங்கச் சிரித்தார். பின்னேரம் விட்டுவிட்டார்.

காவலரண் இருந்த இடத்தில் இப்போது ஐஸ்கிறீம் விற்கிறார்கள். நாய்களைக் காணோம். இறப்பர் தோட்டம் வீடுகளாகிவிட்டது. சிவபாதம் கனடாவில் ஏதோ கடைத்தொகுதிக்குள் நடக்கிறானாம். யோகன் கொட்டாஞ்சேனையிலேயே இருக்கிறான். தாடை கோணலாகப் பொருந்திவிட்டது, தமிழில் மட்டும் பழையபடி பகிடி விடுவான்.

போன மாதம் அவனோடு சந்திக் கடைக்குப் போனேன். பாணையும் பருப்பையும் விரலால் காட்டி வாங்கினான். கடைக்காரர் என் பக்கம் குனிந்து, "பாவம், பிறவியிலேயே ஊமையா?" என்று சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார். நான் வாய் திறக்க முன்னம், யோகனே ஓம் என்று தலையாட்டினான்.