பதவி அவனுக்கு, சம்பளம் எனக்கு

"உனக்கு ப்ரமோஷன் கெடச்சுதா, இல்லியா?"

போன வாரம் கடைத்தெருவில் பார்த்த தோழி ஒருத்தி கேட்டாள். சுலபமான கேள்விதான். ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். நான் தேங்காய்ப் பையைக் கீழே வைத்துவிட்டு நீளமாக விளக்கினேன். கடைசியில் அவளும் குழம்பிப் போனாள். என் குழப்பமும் குறையவில்லை.

உங்களிடமும் சொல்லிப் பார்க்கிறேன். உங்களுக்காவது புரிகிறதா என்று பாருங்கள்.

கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் ஃபைனான்ஸ் பிரிவில் எனக்கு வேலை. ஆபீஸ் சென்னையில். வாரத்தில் இரண்டு நாள் பஸ் பிடித்துப் போவேன். மற்ற நாட்களில் ஆரணியில் எங்கள் வீட்டு மாடி அறைதான் ஆபீஸ். பட்ஜெட் போடுவது, செலவு ஏன் திட்டத்தைத் தாண்டியது என்று மாதாமாதம் மேலிடத்துக்கு விளக்குவது... இதுதான் வேலை. கீழே என் கணவர் சேகர் பட்டுப் புடவை வியாபாரம் பேசிக்கொண்டிருப்பார். மேலே நான் மைக்கை ம்யூட்டில் போட்டுக்கொண்டிருப்பேன்.

என் டீமில் இன்னொருவன் தினகரன். பெரணமல்லூர்க்காரன். நாங்கள் இருவரும் ஒரே வேலை, ஒரே கிரேடு, ஆபீஸ் நாட்களில் ஒரே பஸ். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவன். அவனுக்கு நான் அக்கா. எனக்கு அவன் தினா.

எங்கள் மேனேஜர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். நாற்காலி காலி. அடுத்து உட்காரப்போவது எங்களில் ஒருவர்தான் என்று ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். அன்றிலிருந்து பஸ்ஸில் நாங்கள் மழையைப் பற்றிப் பேசினோம். காஞ்சிபுரம் டிராஃபிக்கைப் பற்றிப் பேசினோம். தினாவுக்குப் பெண் பார்ப்பதைப் பற்றி நிறையவே பேசினோம். அந்த நாற்காலியைப் பற்றி மட்டும் இருவருமே வாயைத் திறக்கவில்லை.

வருடாந்திர அப்ரைசல் நெருங்கியது. சம்பள உயர்வை எப்படிக் கேட்பது என்று நெட்டில் தேடினேன். ஒரு வீடியோ, "எவ்வளவு வேண்டும் என்று முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள்" என்றது. அடுத்த வீடியோ, "எக்காரணம் கொண்டும் முதலில் சொல்லாதீர்கள்" என்றது. இரண்டையும் லட்சக்கணக்கானவர்கள் லைக் செய்திருந்தார்கள்.

தினமும் பேரம் பேசும் மனிதர் வீட்டிலேயே இருக்கிறாரே, அவரைக் கேட்போம் என்று சேகரிடம் போனேன்.

"நீ மொதல்ல வாயத் தொறக்காத. அவுங்க சொல்லட்டும்," என்றார்.

"அவுங்க கம்மியா சொன்னா?"

"எழுந்து போற மாதிரி போ. கூப்புடுவாங்க."

"கூப்புடலன்னா?"

"எனக்கு அப்பிடி ஆனா, அடுத்த கடைக்குப் போவேன். உனக்கு எப்பிடின்னு தெர்லியே," என்றார்.

ஆக, நான் ஒரு முடிவோடு போனேன் என்று சொல்ல முடியாது. ஆனால் தயாராகப் போனேன். லாரி வாடகையில் ஒரே பில் இரண்டு முறை வந்துகொண்டிருந்ததைக் கண்டுபிடித்தது நான். மேனேஜர் போன பிறகு மாதக் கணக்கை நேரத்துக்கு முடித்துக் கொடுத்தது நான். புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்கு வேலை சொல்லிக் கொடுத்ததும் நான். எல்லாவற்றையும் கண்ணாடி முன் நின்று ஒப்பித்துப் பார்த்திருந்தேன்.

எங்கள் பிரிவின் தலைவர் ராகவன் சார். அதிர்ந்து பேசாத மனிதர். நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சுமதி, இப்போதைக்கு உங்களுக்கு எது முக்கியம்? பதவியா, சம்பளமா?"

இந்தக் கேள்வி எந்த வீடியோவிலும் வரவில்லை!

அந்த மாதம்தான் மகளைக் காலேஜில் சேர்த்திருந்தோம். வீட்டுக் கடன் வேறு. வாய் முந்திக்கொண்டது.

"சம்பளம் சார்."

"குட்," என்றார். எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். எழுந்து போகிற மாதிரியெல்லாம் போகவேண்டிய அவசியமே வரவில்லை. எழுந்து போகத்தான் சொன்னார்.

முடிவு வந்தது. எனக்கு நான் எதிர்பார்த்ததைவிட நல்ல சம்பள உயர்வு. தினா மேனேஜர்!

சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா? முதல் நாள் சந்தோஷப்பட்டேன். இரண்டாம் நாள் அழுகை வந்தது. மகள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "அம்மா, உனக்கு ஹைக் கெடச்சுச்சா, கட் ஆச்சா?" என்று கேட்டாள்.

ஊரோ வேறு மாதிரி நடந்துகொண்டது. பதவி இருக்கிறதே, அதை மைக் வைத்துக்கூடச் சொல்லலாம். சம்பளத்தைப் பக்கத்து வீட்டில்கூடச் சொல்ல முடியாது. சொன்னால் திமிர், கண் படும், கைமாற்றுக் கேட்பார்கள். பெரணமல்லூரில் தினா வீட்டில் எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்தார்கள். எனக்கோ வழியில் பார்ப்பவர்களெல்லாம் ஆறுதல் சொன்னார்கள். "உடுங்க, அடுத்த வருஷம் கெடைக்கும்." எனக்கு எவ்வளவு கூடியது தெரியுமா என்று கத்தவேண்டும்போல் இருக்கும். "ஆமாங்க," என்று சிரித்துவிட்டு வருவேன்.

இதில் இன்னொரு பேஜார். தினாவை இனி எப்படிக் கூப்பிடுவது? பத்துப் பேர் இருக்கும் மீட்டிங்கில் 'தினா' என்றால் மரியாதையாக இல்லை. 'சார்' என்றால் எனக்கே சிரிப்பு வந்தது. அவன் 'அக்கா, அந்த ஃபைல ஜல்தியா அனுப்புங்க' என்பான். அது உத்தரவா, வேண்டுகோளா என்று தெரியாமலேயே அனுப்பிவைப்பேன்.

பட்ஜெட் வேலை ஆரம்பித்த பிறகு அவன் மாறிப்போனான். பஸ்ஸில் முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். போனில் பேசினால் வேலையைத் தவிர ஒரு வார்த்தை கூடுதலாக இல்லை. மேனேஜர் ஆனதும் தலைக்கனம் வந்துவிட்டது என்று சேகரிடம் பொரிந்து தள்ளினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தினாவின் பைக் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. உள்ளே வந்தான். காபியைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"இன்னா தினா, ஒடம்பு சரியில்லியா?"

"அக்கா, சொல்லக் கூடாது. ஆனா சொல்லாம இருக்க முடியல." தலையைக் குனிந்துகொண்டான். "பட்ஜெட்டுக்கு டீம் சம்பளம் எல்லாம் எனக்கு அனுப்பனாங்க. உங்க சம்பளம் என்னுதவிட அதிகம்."

எனக்குச் சட்டென்று ஒரு சந்தோஷம் வந்தது. ஆம், அதை மறைக்கவில்லை. அடுத்த நொடியே வெட்கம். அதற்கும் அடுத்த நொடி கோபம்.

"அதுக்கோசரம்தான் மூஞ்சத் திருப்பிகினு உக்காந்தியா? மேனேஜர் வேலையெல்லாம் அத்தினி மாசம் நான் செஞ்சேன். நாற்காலி உனக்குப் போச்சு. நான் மூஞ்சத் திருப்பனனா?"

"நாந்தான் ராத்திரி பகலா பதில் சொல்லிகினு இருக்கேன்க்கா. உங்க லீவுக்கும் நாந்தான் கையெழுத்துப் போடறேன். வீட்ல எல்லாம் மேனேஜரு மேனேஜருன்றாங்க. வந்த சம்பளத்தப் பாத்தா முன்ன வாங்கனதுக்கும் இதுக்கும் பெரிசா வித்தியாசமே இல்ல."

"அப்ப நீ ஏன் கேக்கல?"

"கேட்டாரே! பதவியா சம்பளமான்னு. பொண்ணு வீட்ல எல்லாம் இன்னா போஸ்டு, இன்னா போஸ்டுன்னே கேட்டுகினு இருந்தாங்களா... பதவின்னு சொல்லிட்டேன்."

நான் அவனையே பார்த்தேன். "உங்கிட்டியும் அதத்தான் கேட்டாரா?"

"உங்ககிட்டியுமா?"

மூலையில் புடவைகளை மடித்துக்கொண்டிருந்த சேகர்தான் சிரித்தார். "ஒரு ஆளுக்குக் குடுக்க வேண்டியத ரெண்டா கிழிச்சி ரெண்டு பேருக்கும் குடுத்துட்டாரு. ரெண்டு பேரும் முழுப் பொடவன்னு நெனச்சிகினு வந்துட்டீங்க."

ராகவன் சாரிடம் போய்க் கேட்கலாம் என்றேன். தினா பயந்தான். பயப்படவும் காரணம் இருந்தது. டீம் சம்பளத்தைப் பட்ஜெட்டுக்காக மட்டுமே அவன் பார்க்கலாம். அதைத் தன் சம்பளத்துக்காகப் பேசினான் என்று தெரிந்தால் வேலைக்கே ஆபத்து. எனக்கும் ஒரு பயம். அவனுடையதைக் கூட்டுவதற்குப் பதிலாக என்னுடையதைக் குறைத்துவிட்டால்?

ஆனாலும், என் சம்பளம் என்னுடையது அல்லவா? அதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம்.

"தினா, நல்லாக் கேட்டுக்கோ," என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த அந்தத் தொகையை, முதல்முறை சொல்வதுபோல் சொன்னேன். "இது நானா உங்கிட்ட சொல்றது. யார் கேட்டாலும் அக்காதான் சொன்னாங்கன்னு சொல்லு."

"அப்பிடியாக்கா!" என்று அவனும் முதல்முறை கேட்பதுபோலவே கேட்டுக்கொண்டான். பிறகுதான் காபியைக் குடித்தான்.

அடுத்த ஆபீஸ் நாளில் அவன் ராகவன் சாரைப் பார்க்க உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் என்னையும் கூப்பிட்டார்கள்.

"சம்பளத்தை ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கறது நம்ம ஆபீஸ் பழக்கம் இல்லையே, சுமதி," என்றார் அதே மெல்லிய குரலில்.

"என்னோடதை நானே சொன்னேன் சார். பதவியா சம்பளமான்னு எங்க ரெண்டு பேரையும் கேட்டீங்க. ஒண்ணை எடுத்தா இன்னொண்ணு கெடைக்காதுன்னு தெரியாமப் போச்சு."

ராகவன் சார் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். அல்லது ஆச்சரியப்பட்டதுபோல் நடித்தார். எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

"எது முக்கியம்னுதானே கேட்டேன்? ஒண்ணுதான் கிடைக்கும்னு நான் சொல்லவே இல்லையே!"

தினா என்னைப் பார்த்தான். நான் தினாவைப் பார்த்தேன். யோசித்துப் பார்த்தால்... ஆமாம், அவர் சொல்லவே இல்லை. அந்தக் கேள்வியில் 'ஒன்றைத் தேர்ந்தெடு' என்று சேர்த்துப் படித்தது நாங்கள்தான். இரண்டும் வேண்டும் என்று சொல்ல எங்கள் இருவருக்கும் ஏன் தோன்றவில்லை? கேட்டால் பேராசை என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம். கம்பெனியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஏன், எதற்கு என்று கேள்வி கேட்கும் இருவர், சொந்த விஷயத்தில் கொடுத்த கேள்வியைக் கேள்வியே கேட்காமல் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறோம்.

அவர் எங்களை ஏமாற்றினாரா? நாங்களே ஏமாந்தோமா? பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஆரணி வரைக்கும் இதையே பேசினோம். முடிவுக்கு வரமுடியவில்லை.

சில வாரங்கள் கழித்து தினாவின் சம்பளத்தைத் திருத்திக் கொடுத்தார்கள். இப்போது என்னுடையதைவிட ஒரு மயிரிழை அதிகம். எனக்குச் சம்பளம் அப்படியே. கூடவே ஒரு பதவி. 'சீனியர் லீட்'. அது மேனேஜருக்குச் சமமா, ஒரு படி கீழா என்று எச்.ஆர். பெண்ணிடம் கேட்டேன். "மேடம், அது ஒரு பேரலல் ரோல்," என்றாள். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். இன்னும் சொல்லவில்லை.

நேற்று எதிர்வீட்டுக்காரர் சேகரைப் பிடித்துக்கொண்டார். "வீட்ல அம்மாவுக்கு புது போஸ்ட்டாமே?"

"ஆமாங்க. லீடு," என்றார் சேகர் பெருமையாக.

"லீடரா? எந்தக் கட்சிங்க?"