நெஞ்சு வலிக்கு மாநில எல்லை

போன மாதம் ஒரு மத்தியானம் என் கணவருக்கு நெஞ்சு வலி வந்தது. காரைக்காலை அடுத்த போலகத்திலிருந்து வாஞ்சூர் எல்லையைத் தாண்டி, நாகப்பட்டினத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிழைத்துவிட்டார். இன்சூரன்ஸ் பணம்தான் வரவில்லை.

இன்று காலை இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"மேடம், உங்க அட்ரஸ் புதுச்சேரின்னு காட்டுது. உங்க மாநிலத்துலயே எங்க லிஸ்ட்ல ஆஸ்பத்திரி இருக்கே, எதுக்குத் தமிழ்நாட்டுக்குப் போனீங்க?"

"நாங்க காரைக்கால்ங்க. புதுச்சேரி போய்ச் சேர நாலு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள உசுரு போயிருக்கும்."

"அப்ப அவசரம்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கி அனுப்புங்க."

மறுபடியும் நாகப்பட்டினம் பஸ். மறுபடியும் டோக்கன்.

டாக்டர் நிமிரவே இல்லை. "வைத்தியம் பார்த்தாச்சு, பில்லும் கொடுத்தாச்சு. இன்சூரன்ஸ் சண்டைக்கெல்லாம் நான் சாட்சி சொல்ல முடியாதும்மா."

"சரிங்க டாக்டர், கேஸ் ஷீட் நகலாவது கொடுங்க. அதைக் கேட்கிறது எங்க உரிமைதானே?"

இப்போது நிமிர்ந்தார். "யாரும்மா சொன்னா?"

"உங்க தலைக்கு மேல போர்டு மாட்டியிருக்கீங்களே, அதுலதாங்க இருக்கு."

திரும்பி அந்த போர்டைப் பார்த்தார். நோயாளிகளின் உரிமைகள் என்று பெரிய எழுத்தில் இருந்தது.

"சரி, அடுத்த வாரம் வாங்க, பார்க்கலாம்" என்றார்.

காரைக்காலுக்கு மூன்று பக்கமும் தமிழ்நாடு, நான்காவது பக்கம் கடல். அடுத்த முறை நெஞ்சு வலித்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இவருக்கு நீச்சல் தெரியாது.