செத்த கன்றுகளும் ஒரு வரி நன்றியும்

என் அத்தை அந்த இதழை ஒரு பாலிபேக்கில் போட்டு வைத்திருந்தார். பனியனை மடித்துப் போடுகிற கண்ணாடிக் கவர்தான். துணிமணி வைத்துக்கொள்ளட்டும் என்று எங்கள் கம்பெனியிலிருந்து ஒரு கட்டு கொண்டுவந்து கொடுத்தவனே நான். அதில் அத்தை மகனின் பெயர் அச்சான வனவியல் ஆய்விதழ் போய் உட்காரும் என்று முன்பே தெரிந்திருந்தால், கொடுத்திருப்பேனா என்பது சந்தேகம்.

அவிநாசியில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம், ஒரு சீர். பந்தலில் அத்தை அதைக் காட்டாத ஆள் பாக்கி இல்லை. பெயர் இருக்கும் பக்கம் மேலே தெரியும்படி மடித்துப் போட்டிருந்தார். கவரைப் பிரிக்க விடமாட்டார். மேலேயே விரலை வைத்து, "இதா, இந்த மூணாவது வரி. நம்ம பையம் பேருங்க" என்பார்.

"எதையப் பத்திங்க எழுதியிருக்குது?" என்று ஒருவர் கேட்டார்.

"மரத்தப் பத்திங்க. வெள்ளக்காரங்கெல்லாம் படிக்கறாங்களாமா."

என் முறை வந்தது. "ஏங் கண்ணு, நீயும் இத்தன வருசமா வெள்ளக்காரனுக்குத்தான வேல செய்யறே. உம்பேரு எதுலயாச்சும் வந்திருக்குதா?" என்றார். வெகுளியாகத்தான் கேட்டார். நான் இன்னொரு ஜிலேபியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

வந்ததில்லை. ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தேன். என் கண் படாமல் ஒரு பீஸ் வெளியே போனதில்லை. ஆனால் கழுத்து லேபிளில் இருப்பது எவனோ ஒருவன் பெயர். அதுவரை அது என்னை உறுத்தியதில்லை. அன்றைக்கு உறுத்தத் தொடங்கியது.

பத்தாவதில் அவனைவிட எனக்கு மார்க் அதிகம். அதை நான் மறந்ததில்லை. அவன் மறந்துவிட்டான், அது இன்னும் மோசம். நொய்யல் ஓரத்தில் இருந்த எங்கள் கிணற்றில் சாயத் தண்ணீர் இறங்கி, அப்பாவின் வெள்ளாமை போய், நான் கம்பெனிக்கு வந்தேன். அவன் மலையடிவாரத்தில் காட்டுப் படிப்பு படிக்கப் போனான். எங்கள் பக்கம் காடு என்றால் சோளம் விதைக்கிற நிலம். "காட்டுல வேல செய்யறதுக்கு எதுக்குடா காலேஜு?" என்று அப்போது நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கெல்லாம் சேர்த்துத்தான் இப்போது அத்தை பாலிபேக்கோடு வந்து நின்றார்.

பொறாமைப்படுகிறவனுக்கு ஒரு குணம் உண்டு. எதைப் பார்த்து வயிறு எரிகிறதோ, அதையே தேடிப் போய்ப் பார்ப்பான். நான் அத்தை மகனிடம் அந்த ஆய்விதழின் பழைய பிரதிகள் நான்கைக் கேட்டு வாங்கினேன். எனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தது, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் கடிதங்கள். பிசிறு, கறை, அளவுக் குறைவு, மறுபடி அனுப்பு என்பதுவரை நன்றாகத் தெரியும். மிச்சத்துக்கு அகராதி. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செக்கிங் டேபிளிலேயே வைத்துப் படித்தேன்.

புலி, யானை என்று நினைத்துத் திறந்தேன். ஒன்றுகூட இல்லை. எந்த மண்ணில் எந்த மரம் எவ்வளவு பருக்கிறது, தேக்கு இலையை எந்தப் புழு தின்கிறது, விதையை எத்தனை நாள் ஊறப்போட்டால் முளைக்கும், காட்டோரத்துச் சனம் விறகுக்கு என்ன செய்கிறது, உப்பு மண்ணில் எது பிழைக்கும் என்பவைதான் இருந்தன. ஒரு கட்டுரை முழுக்கப் புங்கன் இலைச் சருகு மக்குவதைப் பற்றி. சருகுக்கு இவ்வளவு மரியாதையா என்று எரிச்சல் வந்தது. எரிச்சலோடு கடைசிவரை படித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ஒவ்வொரு கட்டுரைக்கும் முடிவில் சின்ன எழுத்தில் நன்றி. அதில் ஒன்றில், நிலம் கொடுத்த ஒரு விவசாயியின் பெயர் இருந்தது. அந்த வரியை மட்டும் மூன்று தடவை படித்தேன்.

சொல்லிவைத்தாற்போல அடுத்த மாதமே அத்தை மகன் வந்தான். கெட்டுப்போன தண்ணீரில் எந்தக் கன்று தாங்கும் என்று பார்க்க வேண்டுமாம். வேம்பு, புங்கன், சவுக்கு, மலைவேம்பு என்று நாலு வகை. பல்லடத்தில் போர்வெல் தண்ணீர் உப்பாகிப்போன ஒரு கோழிப்பண்ணைக்காரர் இடம் கொடுத்துவிட்டார். இன்னோர் இடம் வேண்டும். சாயம் இறங்கிய எங்கள் கிணற்றுக் காட்டைக் கொடுத்தேன்.

"கெணத்துத் தண்ணி மட்டும் ஊத்துங்க மச்சான். எரு வேண்டாம், மருந்து வேண்டாம். கன்னுகளப் பத்தரமாப் பாத்துக்குங்க" என்றான்.

"மாப்ள, கடசீல அந்த நன்றி..."

"உங்க பேர் இல்லாமயாங்க? மொத பேரே உங்களுதுதான்."

ஒவ்வொரு கன்றுக்கும் எண் அடித்த தகர வில்லை கட்டிவிட்டுப் போனான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து உயரம் அளப்பான். இடையில் என் பொறுப்பு. ஞாயிறு தவறாமல் போனேன். இஞ்சு டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினால் என் மனைவி, "மரத்துக்குச் சட்ட தெக்கப் போறாருங்கோ" என்று வாசலில் போகிறவர்களிடம் சொல்லுவாள்.

இரண்டாம் மாதமே மலைவேம்பு காய ஆரம்பித்தது. இலை ஓரம் கருகி, ஒரு வாரத்தில் குச்சி. பதறிப்போனேன். பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறான், பல்லடத்துக்காரர் எப்படி வைத்திருக்கிறாரோ தெரியவில்லை. எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியில் ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால் அதே சைஸில் நல்ல பீஸ் ஒன்றை எடுத்து வைத்து, அந்த ஸ்டிக்கரையே ஒட்டிவிட வேண்டும். பேக்கிங்கில் இருந்த திருநெல்வேலி அக்கா எண்ணிக்கையை எண்ணம் என்பார். அவர் சொல்லுவார்: "எண்ணம் சரியா இருக்கணும்ய்யா. கொறஞ்ச பெட்டிய எவன் ஏத்துவான்?"

அதைத்தான் செய்தேன். அவிநாசி ரோட்டு நர்சரிக்குப் போய், இஞ்சு டேப் பிடித்து, அதே உயரத்தில் மலைவேம்புக் கன்று பார்த்து வாங்கினேன். செத்ததைப் பிடுங்கிவிட்டு அந்தக் குழியிலேயே நட்டேன். பழைய வில்லையைக் கழற்றிப் புதுக் கன்றுக்குக் கட்டினேன். மாதாமாதம் இதே வேலை. திருட்டுத்தனம் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. மாறாக, பல்லடத்தில் பாதிக் கன்று போய்விட்டது என்று கேள்விப்பட்டபோது, "கோழி மேய்க்கறவருக்கு மரத்தப் பத்தி என்ன தெரியும்" என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து அவன் கட்டுரையை அந்த இதழுக்கு அனுப்பினான். அங்கே உடனே போட்டுவிட மாட்டார்கள். பெயர் தெரியாத இரண்டு பேர் படித்துக் குறை எழுதி அனுப்புவார்களாம். நம் பையர் சாம்பிளைத் திருப்புகிற மாதிரியேதான். அந்தக் குறைத்தாளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"ஒரே ஒரு கேள்விதானுங்க மச்சான். பல்லடத்துல மலைவேம்பு பாதிக்கு மேல செத்திருக்குது. உங்க காட்டுல ஒண்ணுகூடச் சாகலியே, ஏன்னு கேக்கறாங்க. எத்தன செத்துது, எத்தன பொழச்சுதுங்கறதுதானுங்க இந்த ஆராய்ச்சியே."

கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தேன். அந்த நிமிடம்தான் நான் என்ன செய்துவைத்திருக்கிறேன் என்று எனக்கே விளங்கியது.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவனோ தானாகவே காரணம் கட்டிக்கொண்டிருந்தான். அடியில் சுண்ணாம்பு இருக்கலாம், வேர் ஆழமாக இறங்கியிருக்கலாம் என்று தாளில் எழுதிக்கொண்டே போனான். எழுத எழுத அவன் முகம் மலர்ந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளே ஒரு குரல் சொன்னது: அச்சாகட்டும். அத்தை பாலிபேக்கில் போடட்டும். ஊரெல்லாம் காட்டி முடிக்கட்டும். அப்புறம் ஒருநாள், பேச்சோடு பேச்சாக, அந்தக் கன்றெல்லாம் நர்சரியில் வாங்கினது என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தக் குரல் வேறு யாருடையதும் இல்லை. என்னுடையதுதான். இனிப்பாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"என்னுங்க, அண்ணன் போனதுலருந்து தானாச் சிரிச்சுக்கறீங்க?" என்று மனைவி கேட்டாள். மழுப்பிவிட்டேன்.

நான்கு நாள் அந்த இனிப்பில் இருந்தேன். ஐந்தாம் நாள் அவிநாசி ரோட்டில் நர்சரிக்காரர் கைதட்டிக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, உங்க காட்டுல மலைவேம்பு சாயத் தண்ணியவே குடிச்சுட்டு நிக்குதாமா? காட்டுக் காலேஜு தம்பி சொன்னாருங்க. பொஸ்தகத்துல வேற வருதாமா. அதுல வந்துட்டா அப்புறம் அதிகாரிகளே அதையத்தானுங்க நடச் சொல்லுவாங்க. வெள்ளகோவில் வரைக்கும் ஆத்தோரத்துச் சனம் இப்பவே கேக்குதுங்க. ரெண்டு பாத்தி சேத்தி வெதச்சுட்டனுங்க."

பாத்தியைப் பார்த்தேன். பச்சைப் பாய் விரித்த மாதிரி கிடந்தது.

"உங்களப் பாத்துத்தானுங்க எனக்கே தைரியம். மாசாமாசம் வந்து வாங்கிட்டுப் போனீங்களே! இன்னும் எத்தன ஏக்கராவுக்குங்க வெக்கறீங்க?"

ஒரு ஏக்கர்கூட இல்லை, ஒரே குழியில் நாலு தடவை வைத்தேன் என்று சொல்லவா? ஆற்றோரத்தில் இருப்பவர்கள் என் அப்பாவைப் போலக் கிணறு கெட்டவர்கள். கடைசி நம்பிக்கையாக இந்தக் கன்றை வாங்கி நடப்போகிறார்கள். அந்தச் சின்ன எழுத்துப் புத்தகத்தை அவர்களில் ஒருவர்கூடப் படிக்கப் போவதில்லை. ஆனால் அதில் வந்தது அவர்கள் குழிவரைக்கும் போய்ச் சேரும். என் நான்கு நாள் இனிப்பு அங்கேயே கசந்துவிட்டது.

மறுநாள் கம்பெனிக்கு லீவு போட்டு மலையடிவாரத்துக்கு பஸ் ஏறினேன். அத்தை மகன் நாற்றங்காலில் குனிந்து இலை எண்ணிக்கொண்டிருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பாலிபேக்கைப் பற்றியும், நான்கு நாள் சிரித்ததைப் பற்றியும்கூடச் சொல்லிவிட்டேன்.

அவன் எழுந்திருக்கவில்லை. கடைசி இலைவரை எண்ணி முடித்தான். பிறகு, "செத்ததுதானுங்க மச்சான் எனக்கு வேணும்" என்றான். "உசுரோட இருக்கறத எவன் வேணாலும் எண்ணுவான்."

"தப்புதான் மாப்ள."

"எந்த நெம்பர எந்த மாசம் மாத்துனீங்கன்னு எழுதி வெச்சிருக்கறீங்களா? அது இருந்தாக்கூடப் போதுங்க. காப்பாத்தீரலாம்."

கம்பெனியில் ரிஜெக்ட் பீஸுக்கு நோட்டு போட்டு, தேதி போட்டு எழுதுகிறவன் நான். கன்றுக்கு எழுதவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை தாங்காதது.

அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பஸ்ல வந்தது களப்பா இருக்கும், சாப்டுட்டுப் போங்க" என்றான். தயிர்சாதத்தை அவனே பிசைந்து வைத்தான். மார்க், படிப்பு, அச்சில் பெயர், இப்போது இந்தப் பெருந்தன்மை வேறு. எனக்கென்று ஒன்றையும் மிச்சம் வைக்க மாட்டானா என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன். திரும்பும்போது நர்சரியில் இறங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் பாத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்ல ஆளுங்க நீங்க" என்றார். பாராட்டு இல்லை அது.

கட்டுரை ஒரு வருடம் தள்ளிப்போனது. ஏன் என்று மனைவி கேட்டபோது அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் காட்டை எடுத்துவிட்டு, பல்லடத்தை மட்டும் வைத்து, சின்னதாக வந்தது. சவுக்கும் புங்கனும் தாங்கும், மலைவேம்பு தாங்காது என்று. நர்சரிக்காரர் அந்தப் பாத்திகளில் சவுக்கு போட்டார். அத்தை வழக்கம்போலப் பாலிபேக்கோடு வந்தார். நான் கவரைப் பிரித்து, அவர் தடுக்கத் தடுக்க, கடைசிப் பக்கத்துக்குப் போனேன். ஒரே ஒரு வரி நன்றி. கோழிப்பண்ணைக்காரருக்கு.

ஒரு வேலையாகப் பல்லடம் போனபோது அவரைத் தேடிப் போய்ப் பார்த்தேன். வேலை என்று ஒன்றும் இல்லை, அதற்காகத்தான் போனேன்.

"உங்க பேர் வந்திருக்குதுங்களே, பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"எதுலீங்க?" என்றார். உள்ளே போய் ஒரு தபால் உறையைக் கொண்டுவந்தார். பிரிக்கவே இல்லை. "கோழி மருந்து வெளம்பரம்னு நெனச்சு அப்பிடியே போட்டுட்டனுங்க. நா என்னுங்க பண்ணுனே? தண்ணி உட்டே. பாதி செத்துப்போச்சு. அதுக்கா நன்றி? வேணும்னா நீங்க எடுத்துட்டுப் போங்க."

எடுத்து வந்தேன். வீட்டில் உட்கார்ந்து உறையைக் கிழித்து, அந்த வரியைத் தேடி, அவர் பெயரின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துப் பார்த்தேன். மனைவி பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

"வெரல எடுங்க" என்றாள். "அவுரு கன்னு நெசமாச் செத்துது."