வாய் மூடிய பிறகும் ஓர் ஒலி

ஒரு வினைச்சொல் எப்படி முடிந்தது என்பதை வைத்து, ஒரு மனிதர் தன் அண்ணனை மன்னித்துவிட்டார் என்று சொல்ல முடியுமா? எனக்குத் தெரியாது. நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள். ஒரே ஒரு தரவை வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்று ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் சொல்கிறவள். சென்ற மாதம் ஒரு வீட்டு வாசலில் நின்று அதைத்தான் செய்தேன்.

கலியபெருமாள் சார் இறந்த செய்தி செவ்வாய்க்கிழமை காலை வந்தது. தேர்வு அறையில் கண்காணிப்பில் இருந்தேன். ஆங்கிலத் துறைத் தலைவர் உள்ளே வந்து என் மேசையருகே குனிந்து, “நம்ம கலியபெருமாள் சார் போயிட்டாரும்மா. நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போற வழியிலேயே” என்றார். தேர்வு முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. முடித்துக்கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

முப்பது ஆண்டு நம் கல்லூரியில் அவர் ஆங்கிலம் நடத்தியது இந்த ஆண்டுமலரைப் படிக்கும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். கோடை விடுமுறையில் சென்னைக்குப் போய் வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதியது சிலருக்குத்தான் தெரியும். மந்திரம் படிக்கும் பிள்ளைகளைப் பற்றி வரிசையாகப் படங்கள் வந்தனவே, அதில் பின்னால் வந்த ஒன்றுக்கு அவர் எழுதினார். எனக்கு அந்த மாதிரிக் கதைகள் பிடிக்காது. அதைத் தெரிந்துகொண்டே என்னிடம் வந்தார். “பிடிக்காதுல்ல? அப்ப நீங்கதான் சரியான ஆளு. பொய் சொல்ல மாட்டீங்க” என்றார்.

மடிக்கணினியில் சத்தத்தை நிறுத்திவிட்டுக் காட்சியை ஓட்டுவார். தமிழ் வசனத்தை அவரே படிப்பார். திரையில் வாய் மூடும் இடத்தில் வசனமும் முடிகிறதா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். மதிய இடைவேளைகளில் இது பல வாரம் நடந்தது.

அந்தக் கதையில் பிள்ளைகள் எல்லோரும் வெறுக்கும் ஓர் ஆசிரியர் இருக்கிறார். எதிரியின் ஆள் என்று நினைத்து, முதுகுக்குப் பின்னால் அவரை ‘அவன்’ என்றே பேசுகிறார்கள். அவர் செத்த பிறகுதான், இவ்வளவு நாளும் தங்களைக் காப்பாற்றியது அவர் என்று தெரிகிறது. அதைக் கதாநாயகப் பையன் சொல்லும் இடத்துக்கு சார், ‘எல்லாரையும் காப்பாத்தினாரு’ என்று எழுதியிருந்தார். ‘காப்பாத்தினான்’ என்றால் வாயசைவோடு பொருந்தியது. ‘னாரு’ என்றால் வாய் மூடிய பிறகும் ஓர் ஒலி மிச்சம் நின்றது. இத்தனை படமாக அவன் என்று சொல்லிவிட்டு இப்போது என்ன மரியாதை, மாற்றிவிடுங்கள் என்று ஸ்டுடியோவிலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். நானும் அதையே சொன்னேன்.

சார் கோபப்படவில்லை. “இங்கிலீஷ்காரனுக்கு ‘ஹி’ ஒண்ணுதாம்மா. நாம வாயத் தொறந்தாலே அவனா அவரான்னு முடிவு பண்ணியாகணும். படம் பூரா அவன்னு சொன்ன பய இந்த ஒரு எடத்துல மாறலைன்னா, அவனுக்கு ஒண்ணுமே புரியலைன்னு அர்த்தம்” என்றார். ‘எல்லாரையும்’ என்பதை அடித்துவிட்டு ‘நம்மள’ என்று எழுதினார். மிச்சம் நின்ற ஒலிக்கு இடம் கிடைத்தது. தஞ்சாவூரில் படம் ஓடியபோது நாங்கள் நான்கைந்து ஆசிரியர்கள் போயிருந்தோம். அந்த வசனத்தை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இதே சார் தன் சொந்த அண்ணனை ‘அவன்’ என்றுதான் சொல்வார். திருக்காட்டுப்பள்ளியில் அம்மா இறந்தபோது சார் சென்னையில் ரெக்கார்டிங்கில் இருந்தார். அண்ணன் காத்திருக்கவில்லை. சார் வந்து இறங்கியபோது சாம்பல்தான் இருந்தது. அதன் பிறகு அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. “நான் செத்தாலும் அவன் வரக் கூடாது” என்று மனைவி மல்லிகா அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தார்.

போன ஆடியில், ஆற்றில் தண்ணீர் வந்த வாரம், அவரைக் காய்கறி மார்க்கெட்டில் பார்த்தேன். பேச்சுவாக்கில், ஊர் நிலத்தை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். “குத்தகைக்கு விட்டாச்சு. அண்ணன் சிங்கப்பூருக்கு மகன்கிட்டப் போயிட்டாரு” என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காய் பொறுக்கத் தொடங்கினார். எனக்குச் சட்டென்று காது நிமிர்ந்தது. மேற்கொண்டு கேட்டிருக்கலாம். நான் அப்படிக் கேட்கிறவள் இல்லை.

சார் இறந்த அன்று மதியம் நான் அவர் வீட்டுக்குப் போனபோது வாசலில் பேச்சு அண்ணனைப் பற்றித்தான். நாளைக் காலை திருச்சியில் இறங்கிவிடுவேன், எடுத்துவிடாதீர்கள் என்று சிங்கப்பூரிலிருந்து அழைத்திருந்தார். இருட்டுவதற்குள் முடித்துவிட வேண்டும், போனவர் சொல்லை மீறக் கூடாது என்றார் மல்லிகா அம்மாவின் தம்பி. மல்லிகா அம்மா என்னைப் பார்த்து, “உங்ககிட்ட ஏதாவது சொல்லியிருக்காராம்மா?” என்று கேட்டார். மார்க்கெட்டில் கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

“போயிட்டாருன்னு சொல்லிட்டா ஆச்சா? இலக்கணம் பாக்குற நேரமா இது?” என்றார் தம்பி.

அவர் கேட்டதில் தப்பில்லை. “எனக்கும் தெரியலைங்க. ஆனா எங்கிட்ட அவரு அப்படிச் சொன்னது அந்த ஒரு தடவைதான்” என்றேன்.

மல்லிகா அம்மா தம்பியிடம் திரும்பி, “ஃப்ரீசர் பாக்ஸுக்குச் சொல்லு” என்றார்.

சாரின் கையெழுத்தில் என்னிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. அவரிடமிருந்து வந்த ஒரு பழக்கம் இருக்கிறது: யார் யாரைப் பற்றிப் பேசினாலும், வாக்கியம் முடியும்வரை காத்திருந்து கேட்கிறேன். துறைக் கூட்டங்களில் அது பலரைக் காட்டிக்கொடுக்கிறது. அதை வைத்துக்கொள்வேன்.

மறுநாள் பத்தரை மணிக்கு அண்ணன் வாடகைக் காரில் வந்து இறங்கினார். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். செருப்பைக் கழற்றியவர் உள்ளே போகாமல் மல்லிகா அம்மாவிடம், “நேத்தே எடுத்திருப்பீங்கன்னு நெனச்சேன். எனக்காகவா வெச்சிருந்தீங்க?” என்று கேட்டார்.

“ஆமா மாமா.”

“அன்னைக்கு நான் வெச்சிருக்கலையே” என்றவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சாரின் மகள் இளமதி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. சிறிது நேரம் கழித்து அவராகவே எழுந்து உள்ளே போனார்.

பன்னிரண்டு மணிக்கு எடுத்தார்கள். தலைமாட்டில் அண்ணன் தோள் கொடுத்தார். தெருமுனைவரைதான் அவரால் முடிந்தது. அங்கே மல்லிகா அம்மாவின் தம்பி வந்து மாற்றிக்கொண்டார்.