நெருப்பில்லாத சிகரெட்

நோரீன் பிளான்சர்ட் வாழ்க்கையில் தேறிய ஒரே பரீட்சை, கிளினிக்கில் வாய் வைத்து ஊதுகிற பரீட்சைதான். பள்ளிக்கூடத்தில் எதிலும் தேறாமல், இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த மீன் ஃபாக்டரிக்கு நேராகப் போனவள் அவள். அறுபது தாண்டிய பிறகு, நுரையீரல் பாதி அடைத்துப்போய், மூச்சில் சிகரெட் புகை இருக்கிறதா என்று பார்க்க நர்ஸ் ஹெய்லி நீட்டிய சின்ன மெஷினில் ஊதினாள். போன தடவை வரை சிவப்பாக எரிந்த விளக்கு பச்சையாக எரிந்தது.

"பிறந்ததிலேர்ந்து சிகரெட்டைத் தொடாதவங்க ஊதின மாதிரி இருக்கு, கண்ணு" என்றாள் ஹெய்லி.

"நான்தான் தொடுறதே இல்லையே. இப்பல்லாம் செர்ரிப் பழம்தான்" என்று நோரீன் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த வேப்பைத் தூக்கிக் காட்டினாள். கிளினிக்கே இலவசமாகக் கொடுத்த மின் சிகரெட் அது.

"வீடே மிட்டாய்க் கடை மாதிரி நாறுது, நர்சம்மா" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ட்ரெவர், அவள் புருஷன். "என் சாக்ஸ்ல கூட செர்ரி."

"உன் சாக்ஸுக்கு அது நல்லதுதான்யா."

மூன்று பேரும் சிரித்தார்கள். நோரீனின் சிரிப்பு இருமலாக மாறி முடிய நேரம் பிடித்தது. ஹெய்லி அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அந்தப் பச்சை விளக்குக்குப் பின்னால் ஒரு பெரிய விஷயம் இருந்தது. இரத்தத்தில் ஆக்ஸிஜன் போதவில்லை, இதயம் தாங்காது, நாளில் பாதிக்கு மேல் வீட்டில் ஆக்ஸிஜன் மெஷினோடு இருந்தால் இன்னும் சில வருஷம் ஓட்டலாம் என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் சிகரெட் பிடிக்கிற வீட்டுக்கு மெஷின் கொடுக்க மாட்டார்கள். அதனால் நோரீன் சிகரெட்டை விட்டாள். விட்டாளா, பழக்கத்தை இடம் மாற்றிக்கொண்டாளா என்று கேட்டால் யாரும் சரியாகச் சொல்லியிருக்க முடியாது. பச்சை விளக்குக்குப் புகை மட்டும்தான் தெரியும்.

நாற்பது வருஷம் சிகரெட் பிடித்தவள் என்று சொல்வது எளிது. எப்படிப் பிடித்தாள் என்பதுதான் விஷயம். ஃபாக்டரியில் மீன் துண்டுகள் பெல்ட்டில் வந்துகொண்டே இருக்கும். மணி அடித்தால்தான் வெளியே போகலாம். கையுறையைக் கழற்றி, ஏப்ரனைக் கழற்றி, தலை வலையைக் கழற்றி, கையைக் கழுவி, முற்றத்தைத் தாண்டித் தகரக் கூரைக்கு அடியில் போய் நிற்க வேண்டும். ஊர்ச் செய்தி எல்லாம் அங்கேதான். புருஷனை விட்டு ஓடிப்போனவள் யார், ஆட்குறைப்பில் யார் பெயர் இருக்கிறது என்பதெல்லாம் சிகரெட் பிடிக்காத பெண்களுக்குக் கடைசியாகத்தான் தெரியும். ஒரு சிகரெட் முடிந்தால் திரும்பி வந்து அத்தனையையும் மாட்டிக்கொள்ள வேண்டும். அடுத்த மணி வரை கை அரித்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும். நோரீன் காத்திருந்தாள். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகும் அந்த மணி அவளுக்குள் அடித்துக்கொண்டிருந்தது. டீக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, அதுவும் கொல்லைப்புறக் கதவுக்கு வெளியே.

வேப்புக்கு மணி கிடையாது. பற்ற வைக்கிற வேலையும் இல்லை, தீர்ந்துபோகிற நேரமும் இல்லை. கெட்டில் கொதிக்கும்போது ஒரு இழுப்பு, டிவியில் விளம்பரம் வரும்போது ஒரு இழுப்பு, ஃபோனில் தங்கச்சியோடு பேசும்போது ரெண்டு. வாசலுக்குக் கூடப் போக வேண்டாம். இரண்டே மாதத்தில் அவள் சிகரெட்டை மறந்தாள். அதோடு காத்திருப்பதையும் மறந்தாள். இரண்டாவதை அவளும் கவனிக்கவில்லை, அவளைப் பாராட்டியவர்களும் கவனிக்கவில்லை.

ஆக்ஸிஜன் மெஷினைப் பொருத்த வந்த கேரத் சாதுவான ஆள். நாற்காலிக்குப் பக்கத்தில் மெஷினை வைத்து, மூக்கில் மாட்டும் குழாயை அளந்துகொண்டிருந்தவன், சுவரில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த வேப்பைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான்.

"இது யாரோடது?"

"என்னோடதுதான். இதை வச்சுத்தான் நான் சிகரெட்டையே விட்டேன்" என்றாள் நோரீன் பெருமையோடு. "இதுல நெருப்பே கிடையாது, தம்பி."

"நெருப்பு இல்லம்மா, ஆனா உள்ள ஒரு கம்பி சூடாகுது. பேட்டரியும் சூடாகுது. மெஷின் ஓடுற இடத்துல உங்க முடி, சட்டை, சோபா எல்லாத்துலயும் ஆக்ஸிஜன் ஊறியிருக்கும். ஒரு பொறி போதும்."

"எங்க நர்ஸ்தானே கொடுத்தாங்க?"

"அவங்க உங்க நுரையீரலைப் பார்த்துக் கொடுத்தாங்க. நான் உங்க வீட்டைப் பார்த்துச் சொல்றேன்."

கேரத் முறைகளைச் சொன்னான். சார்ஜ் போடுவது சமையலறையில். இழுக்க வேண்டுமென்றால் மெஷினை அணைத்து, அரை மணி நேரம் காத்திருந்து, வெளியே போய் இழுக்க வேண்டும். நோரீன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அரை மணி நேரம் அவளுக்கு ஒரு பொருட்டா? ஃபாக்டரியில் அரை நாள் காத்திருந்தவள்.

முதல் வாரம் நன்றாகவே போனது. அவள் உதட்டின் நீலம் குறைந்ததை ட்ரெவர் பார்த்தார். ஒரு நாள் அவளே எழுந்துபோய் முட்டை பொரித்தாள்.

"என்னாச்சு உனக்கு? யாராவது விருந்தாளி வர்றாங்களா?"

"வாயை மூடிட்டுச் சாப்பிடுய்யா. இல்லன்னா அதையும் நானே சாப்பிட்டுடுவேன்."

அந்த முட்டையைப் பற்றி ட்ரெவர் மகளிடம் ஃபோன் போட்டுச் சொன்னார்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் அவர் டீயோடு முன்னறைக்கு வந்தபோது, மெஷின் ஓட, மூக்கில் குழாயோடு நோரீன் டிவியைப் பார்த்தபடியே வேப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மெஷினை அணைத்தார்.

"என்னம்மா இது?"

அவள் கையில் இருப்பதை அப்போதுதான் பார்த்தவள் போலப் பார்த்தாள். "தெரியாமப் பண்ணிட்டேன் ட்ரெவ். சத்தியமா, எப்ப எடுத்தேன்னே தெரியல."

அவள் சொன்னது உண்மைதான். ஒன்றும் பற்றிக்கொள்ளவும் இல்லை. ஒன்றும் நடக்காமல் போனதுதான் வினையாகிவிட்டது. மறுபடி ஒரு நாள், மறுபடி ஒரு நாள் என்று அது நடந்தது. ட்ரெவர் வேப்பைக் கழுத்திலிருந்து கழற்றி அலமாரியில் வைத்தார். அவர் ரொட்டி வாங்கப் போயிருந்தபோது அவள் இரைக்க இரைக்க எழுந்து எடுத்துவிட்டாள். இழுக்கிற ஆசையை அடக்கும் நிக்கோடின் பட்டையைக் கையில் ஒட்டிப் பார்த்தாள். பட்டையும் இருந்தது, இழுப்பும் இருந்தது. வெட்கத்தில் ஒருமுறை அழுதாள். அழுது முடித்ததும் கை கழுத்துக்குத்தான் போனது.

அவர்களுடையது வரிசை வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் இளம் தம்பதி, இரண்டு சின்னப் பிள்ளைகள். பிள்ளைகள் மாடிப்படியில் ஓடுவது இங்கே கேட்கும். அதைக் கேட்கும்போதெல்லாம் ட்ரெவர் மெஷினைப் பார்த்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கொல்லைப்புறத்தில் நின்று ஹெய்லிக்கு ஃபோன் போட்டார்.

இரண்டு நாள் கழித்துக் கேரத் வந்து மெஷினை எடுத்துப்போனான். போகும்போது, "மன்னிச்சிருங்கம்மா. அதையும் விட்டுட்டுச் சொல்லுங்க, மெஷினுக்கு மறுபடி எழுதிப் போடலாம்னு நர்ஸ் சொல்லச் சொன்னாங்க" என்றான்.

"சரி தம்பி" என்றாள் நோரீன்.

வேன் தெருமுனை திரும்பும் வரை நோரீன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீதானே சொன்ன?"

"ஆமா."

"சொல்லாம இருந்திருந்தா எனக்கு மூச்சாவது இருந்திருக்கும்."

"அடுத்த வீட்டுப் பிள்ளைங்க?"

நோரீன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தான் சொன்னது சரியா என்று ட்ரெவருக்கே தெரியவில்லை. அவர் இரண்டு பக்கமும் நியாயத்தை வைத்துப் பார்த்தார். எந்தப் பக்கம் வைத்தாலும் அவள் மூச்சு திரும்பவில்லை.

அதையும் விட்டுவிடுவேன் என்று அவள் மகளிடம் ஃபோனில் சொன்னாள். ஹெய்லியிடமும் சொன்னாள். ட்ரெவரிடம் மட்டும் சொல்லவில்லை. குளிர் தொடங்கியதும் அவளால் மாடி ஏற முடியாமல் போனது. ட்ரெவர் கட்டிலைக் கழற்றி ஒவ்வொரு பலகையாகக் கீழே கொண்டுவந்தார்.

"ஜன்னல் பக்கம் போடு. அங்க இல்ல, காத்து அடிக்கும். இன்னும் கொஞ்சம் தள்ளு" என்று நாற்காலியிலிருந்தபடியே அவள் சொன்னாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நிறுத்தினாள்.

"இங்கயா?"

அவள் தலையாட்டினாள். பேச மூச்சு இல்லை. கொஞ்சம் தேறியதும் வேப்பை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தாள். ட்ரெவர் பார்த்தார். கட்டில் கால் ஒன்று ஆடியது. முட்டி போட்டு உட்கார்ந்து அதன் திருகாணியை இறுக்கத் தொடங்கினார்.